தட்டின் அடியில் இருக்கும் சீன அரசர் பெயரைப் படிப்பது எப்படி

கீழக்கரையில் பழைய வீட்டுக் கண்ணாடி பீரோவைத் திறந்தால் நாலு பீங்கானாவது இருக்கும். கொழும்புக்கும் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் தொழிலுக்குப் போனவர்கள் கப்பலில் கொண்டுவந்தவை. கல்யாணத்துக்கு சஹன், அதாவது பலர் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டு, வைக்கும்போது வெளியே வரும், கழுவித் துடைத்ததும் திரும்ப உள்ளே போய்விடும். அப்படிக் கழுவும்போதுதான் யாராவது கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "லாத்தா, அடியில ஏதோ சீன எழுத்து இருக்கு, ராஜா முத்திரையான்னு பாருங்க" என்று எனக்கு போட்டோ அனுப்புவார்கள். நான் வரலாறு படித்தவள், பீங்கான் என்றால் எனக்கு உயிர் என்பது ஊரில் பலருக்கும் தெரியும்.

அந்த போட்டோக்களுக்கெல்லாம் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். சீன மொழி தெரியாமலே அந்த எழுத்தைப் படித்துவிடலாம், ஒரு மாலை நேரம் உட்கார்ந்தால் போதும். படித்ததை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் பெரிய வேலை. அதற்குப் பொறுமை வேண்டும்.

கவிழ்ப்பதற்கு முன்

மேசையில் துண்டை மடித்து விரித்துக்கொள்ளுங்கள். மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள். ஜாடி என்றால் முதலில் மூடியை எடுத்துத் தனியே வையுங்கள். விளிம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், ஒரு கை அடியில், ஒரு கை பக்கத்தில். பழைய ஒட்டு எங்காவது இருந்தால் பெரும்பாலும் விளிம்பில்தான் இருக்கும், பிடித்துத் தூக்கினால் கையோடு வந்துவிடும். அடியில் அழுக்காக இருந்தால் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். ப்ளீச், கம்பி நார், துலக்குகிற பவுடர் எதுவும் கிட்டேயே வரக் கூடாது. அடிவளையத்தில், அதாவது தட்டு ஊன்றி நிற்கும் விளிம்பில், படிந்திருக்கும் அழுக்கும் தேய்மானமும் பின்னால் நமக்குச் சாட்சி சொல்ல வேண்டியவை.

எழுத்து என்ன சொல்கிறது

நம் கல்வெட்டுகளில் இன்ன அரசருக்கு யாண்டு இத்தனையாவது என்று காலம் சொல்வார்கள். சீனர்களும் அப்படித்தான் ஆட்சியை வைத்து ஆண்டைக் கணக்கிட்டார்கள். ஆனால் அவர்கள் பயன்படுத்தியது அரசரின் சொந்தப் பெயர் கிடையாது. பட்டத்துக்கு வந்ததும் அந்த ஆட்சிக்கென்று ஒரு பெயர் சூட்டுவார்கள். காங்சி, சியான்லோங் என்று நாம் சொல்வதெல்லாம் ஆட்சிக்கு வைத்த பெயர்கள். முந்தைய அரசர் நடு ஆண்டில் இறந்தாலும் அந்த ஆண்டு முடியும் வரை அவருடைய கணக்குதான் ஓடும். காங்சி 1661லேயே அரசராகிவிட்டார், ஆனால் காங்சி ஆண்டு 1662இல்தான் தொடங்குகிறது.

இந்தக் கணக்கு நமக்கு ரொம்பத் தூரத்துச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் காலியில் 1911இல் ஒரு கல் கிடைத்தது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்து நிறுவியது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் எழுதிய கல். அதில் இருக்கும் காலக் கணக்கு யோங்லே ஏழாம் ஆண்டு, அதாவது 1409. இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போகிறவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். அதில் யோங்லே என்ற பெயர் வரும் முறையில்தான் பீங்கானின் அடியிலும் ஆட்சிப் பெயர் வரும்.

முழு முத்திரையில் ஆறு எழுத்துகள். "மகா", வம்சத்தின் பெயர், ஆட்சிப் பெயருக்கு இரண்டு எழுத்து, "ஆண்டு", "செய்தது". கோத்துப் படித்தால், மகா மிங் வம்சத்து சுவாந்தே ஆண்டுகளில் செய்தது என்று வரும். நாலு எழுத்து முத்திரையில் முதல் இரண்டும் இருக்காது, ஆட்சிப் பெயரில்தான் தொடங்கும். எந்த ஆண்டு என்ற எண் இந்த முத்திரையில் கிடையாது. காங்சி என்று இருந்தால் 61 ஆண்டுகளில் எப்போது வேண்டுமானாலும் செய்திருக்கலாம்.

படிக்கும் முறை

மேலிருந்து கீழே, வலமிருந்து இடம். முதலில் எந்தப் பக்கம் மேலே என்று தெரிய வேண்டும். அதற்கு "மகா" என்ற எழுத்தைத் தேடுங்கள். கையையும் காலையும் அகல விரித்து நிற்கும் ஆளின் உருவம் அது. குறுக்கே ஒரு கோடு, அதன் நடுவிலிருந்து இரண்டு கால்கள், மொத்தமே மூன்று கோடுகள்தான். ஆறு எழுத்தில் இவ்வளவு எளிமையானது பெரும்பாலும் அது ஒன்றுதான். அந்த எழுத்து வலது மேல் மூலைக்கு வரும்படி தட்டைத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குக் கீழே இருப்பது வம்சம். இரண்டு கட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் மிங். இடப் பக்கம் சூரியன், நடுவில் ஒரு கோடு போட்ட சிறு கட்டம். வலப் பக்கம் சந்திரன், உள்ளே இரண்டு கோடு போட்டு அடி திறந்த நீளக் கட்டம். அப்படி இல்லாமல் இடப் பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று நீர்த்துளிகள் தெரிந்தால் அது ச்சிங். மிங் 1368 முதல் 1644 வரை, ச்சிங் அதன்பின் 1911 வரை. இந்த ஓர் எழுத்தைப் பிரித்துவிட்டாலே பாதி தூரம் வந்தாயிற்று.

ஆட்சிப் பெயர் எங்கே இருக்கும் என்பது எழுத்துகள் நிற்கும் வரிசையைப் பொறுத்தது. மூன்று மூன்றாக இரண்டு வரிசை என்றால் ஆட்சிப் பெயர் இரண்டாகப் பிரிந்து நிற்கும்: முதல் பாதி வலது வரிசையின் அடியில், அடுத்த பாதி இடது வரிசையின் உச்சியில். இரண்டு இரண்டாக மூன்று வரிசை என்றால் நடு வரிசை முழுவதும் ஆட்சிப் பெயர். நாலு எழுத்து இரண்டு வரிசையாக இருந்தால் வலது வரிசை. எப்படி இருந்தாலும் கடைசி இரண்டு எழுத்து "ஆண்டு", "செய்தது" தான். "ஆண்டு" என்பதில் நெடுக ஒரு கோட்டை மூன்று குறுக்குக் கோடுகள் வெட்டும். "செய்தது" என்பதுதான் ஆறிலும் அடர்த்தியான எழுத்து.

இனி பெயர்கள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, அடிக்கடி கண்ணில் படுவதை மட்டும் சொல்கிறேன்.

சுவாந்தே, 1426 முதல் 1435 வரை. முதல் எழுத்தின் தலையில் கூரை இருக்கும். இரண்டாம் எழுத்தின் வலப் பக்கத்து அடியில் இதயத்தைக் குறிக்கும் சிறு உறுப்பு, அதற்கு மேல் சாதாரணமாக ஒரு குறுக்குக் கோடு வரும். சுவாந்தே காலத்திலேயே எழுதிய முத்திரைகளில் அந்தக் கோடு இருக்காது. பின்னால் போலி செய்த பலர் இது தெரியாமல் கோட்டைப் போட்டுவிட்டார்கள், தெரிந்த போலிக்காரர்கள் விட்டுவிட்டார்கள். அதனால் கோடு இருந்தால் சந்தேகம் உறுதி. இல்லாவிட்டால் இன்னும் எதுவும் நிரூபணமாகவில்லை. இந்த ஆட்சிக்கு இன்னொரு பழக்கமும் உண்டு: முத்திரையை அடியில் மட்டும் போடாமல் விளிம்புக்குக் கீழே, உள்பக்கம் என்று வேறு இடங்களிலும், சில சமயம் ஒரே வரியாகப் படுக்கையிலும் எழுதினார்கள்.

செங்ஹுவா, 1465 முதல் 1487 வரை. பெயரின் இரண்டாம் எழுத்து நாலே கோடு, கண்ணில் உடனே படும். பிற்காலத்தில் மிக அதிகமாகப் போட்டுத் தள்ளிய பெயர்களில் இது முதல் வரிசை. காரணம், அந்தக் காலத்துச் சிறு கிண்ணங்களுக்கு அப்போதிருந்தே அவ்வளவு பெருமை. கோழி வரைந்த ஒரு செங்ஹுவா கிண்ணம், உள்ளங்கைக்குள் அடங்குவது, 2014இல் ஹாங்காங் ஏலத்தில் 28 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் விலை போனது. அதற்குப் பிறகு கோழிக் கிண்ணம் விற்காத கடை கிடையாது.

ஜியாஜிங் (1522–1566), வான்லி (1573–1620) இரண்டும் மிங் கடைசிக் காலத்து நீண்ட ஆட்சிகள். இடையில் வந்த லோங்ச்சிங் ஆறே ஆண்டு. அதில் "செய்தது" என்பதற்கு வழக்கமான எழுத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் வேறோர் எழுத்து வரும். கீழே இடமிருந்து வலமாக ஒரு நீண்ட இழுப்பு இருக்கும்.

ச்சிங்கில் காங்சி (1662–1722): இரண்டாம் எழுத்தின் அடியில் வரிசையாக நாலு புள்ளிகள். இதை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு எங்கே கண்டாலும் தெரிந்துவிடும். யோங்செங் (1723–1735): இரண்டாம் எழுத்து ஐந்தே நேர்க்கோடு. அதன்பின் வரும் சியான்லோங் (1736–1795), ஜியாச்சிங் (1796–1820), தாவோகுவாங் (1821–1850) மூவருக்கும் பெரும்பாலும் சாதாரண எழுத்து இல்லை, முத்திரை எழுத்து என்ற பழைய பாணிதான், சிக்குக்கோலம் போலச் சதுரத்துக்குள் மடிந்து மடிந்து போகும். மேலே சொன்ன அடையாளங்கள் அதில் உதவாது. நடு வரிசையைப் போட்டோ எடுத்து அருங்காட்சியகங்கள் இணையத்தில் போட்டிருக்கும் படங்களோடு வைத்துப் பாருங்கள். லண்டன் பிரிட்டிஷ் மியூசியமும் தைபே அரண்மனை அருங்காட்சியகமும் அடிப்பாகத்துப் படங்களோடு தந்திருக்கின்றன. அப்புறம் சியென்ஃபெங் (1851–1861), தோங்ஜி (1862–1874), குவாங்சு (1875–1908), சுவான்தோங் (1909–1911). இவற்றில் மறுபடியும் சாதாரண எழுத்துதான் அதிகம். குவாங்சுவின் முதல் எழுத்தில் மேலே மூன்று கதிர், கீழே இரண்டு கால்.

முத்திரை இருந்தால் அரண்மனைச் சாமானா?

இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊரில் நடக்கும் ஏமாற்று வேலையெல்லாம் இந்த இடத்தில்தான்.

அரண்மனைக்கான பீங்கான் ஜியாங்சி மாகாணத்து ஜிங்தேஜென் ஊரில், அரசச் சூளையில் செய்தது. தேறாததை உடைத்துப் புதைத்துவிடுவார்கள். 1980களிலிருந்து அங்கே தோண்டியபோது அந்த உடைசல்கள் குவியல் குவியலாக வந்தன. அவ்வளவு கட்டுப்பாடு இருந்த சரக்கு நம் கரைக்கு வியாபாரச் சரக்கோடு வந்து இறங்குவது அபூர்வம். ஆனால் அதே ஊரில் தனியார் சூளைகள் நிறைய இருந்தன. அவர்களும் தங்கள் சரக்கில் ஆட்சிப் பெயரை எழுதினார்கள். நடப்பு ஆட்சியின் பெயரையும் எழுதினார்கள், முந்நூறு ஆண்டுக்கு முந்தைய பெயரையும் எழுதினார்கள். பழையதை மதித்து எழுதியதும் உண்டு, ஏமாற்ற எழுதியதும் உண்டு. அடியில் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும்.

இதில் 1677ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு ஜிங்தேஜென் பகுதி அதிகாரி, பீங்கானில் அரசரின் ஆட்சிப் பெயரை எழுதக் கூடாது என்று தடை போட்டதாகச் சொல்வார்கள். தட்டு உடைந்தால் பெயரும் உடைந்து குப்பைக்குப் போகிறதே என்பதுதான் காரணம். எழுதிய காகிதம் காலில் பட்டால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு இது புரியாததில்லை. அதனால்தான் காங்சி காலத்து நல்ல பீங்கான் பலவற்றில் அடியில் வரைந்த இரட்டை வளையம் மட்டும் இருக்கும், உள்ளே எழுத்து இருக்காது, அல்லது ஓர் இலை, ஒரு காளான், ஒரு பூ வரைந்திருப்பார்கள். சில சூளைகள் தடைக்குத் தப்பிக்க செங்ஹுவா, சுவாந்தே என்று பழைய பெயரை எழுதின. வெற்று வளையத்தைப் பார்த்து "முத்திரை இல்லையே" என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதுதான் உண்மையான பழசாக இருக்கும் வாய்ப்பு நிறைய.

நம் கரையில் என்ன இருக்கிறது

பெரியபட்டினத்தில் 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டியபோது சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. பெரும்பாலும் 13, 14ஆம் நூற்றாண்டு. செஜியாங் மாகாணத்து லோங்ச்சுவான் சூளைகளின் பச்சைப் பீங்கான், ஃபூஜியான் கரையின் வெள்ளைப் பீங்கான், ஜிங்தேஜெனின் நீலவெள்ளை. இந்த ஓடுகளில் ஆட்சி முத்திரை தேடுவது வீண். பீங்கானில் ஆட்சிப் பெயர் எழுதும் வழக்கம் யோங்லே காலத்தில் அரிதாகத் தொடங்கி சுவாந்தே காலத்தில்தான், 15ஆம் நூற்றாண்டில், ஊன்றியது. பெரியபட்டினத்துச் சரக்கு அதற்கு முந்தியது. "பெரியபட்டினத்தில் தோண்டி எடுத்தது, அடியில் மிங் ராஜா முத்திரை இருக்கு" என்று யாராவது விற்க வந்தால் அந்தக் கதையே தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறது.

பீரோவுக்குள் இருப்பது வேறு கதை. அதில் பெரும்பங்கு 19ஆம் நூற்றாண்டுக் கடைசியும் 20ஆம் நூற்றாண்டு முற்பகுதியும். அதிலும் எல்லாம் சீனம் கிடையாது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் ஊரில் பெட்ரஸ் ரெகூ தொழிற்சாலை செய்தது நிறைய, அடியில் ஆங்கில எழுத்தும் சில சமயம் ஸ்ஃபிங்க்ஸ் உருவமும் அச்சடித்திருக்கும். ஜப்பான் சரக்கும் உண்டு. ஜப்பானில் அரிட்டா சூளைகள் "மகா மிங் செங்ஹுவா ஆண்டில் செய்தது" என்று அப்படியே சீன எழுத்தில் போட்டன. பிடிபடுவது எப்படி என்றால், அடியில் மூன்றோ ஐந்தோ சிறு ஊசிப்புள்ளி வடு இருக்கும். சூளையில் தட்டின் அடி தொய்யாமல் முட்டுக் கொடுத்த இடங்கள் அவை. சீனாவில் அப்படி முட்டுக் கொடுக்கும் பழக்கம் இந்தச் சரக்கில் கிடையாது.

பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த இளஞ்சிவப்பு, பச்சை வண்ணச் சாமான்கள் சில வீடுகளில் உண்டு. மயில் போல வால் நீண்ட பறவையும் பெரிய பூவும் வரைந்திருக்கும். அங்கே குடியேறிய சீனக் குடும்பங்களுக்காக ஜிங்தேஜெனில் செய்தவை. அடியில் தோங்ஜி அல்லது குவாங்சு பெயரைச் சிவப்பில் எழுதியிருந்தால் அது உண்மையாகவே அந்தக் காலமாக இருக்கலாம். சில சமயம் சிவப்பில் இருப்பது கடைக்காரரின் பெயராகவும் இருக்கும். ஒரு விஷயம்: இந்த மேல்வண்ணங்களில் ஈயம் உண்டு. புளிக்குழம்பு, ஊறுகாய், எலுமிச்சை எதையும் அதில் வைக்காதீர்கள்.

அடியில் ஆங்கிலத்தில் சீனா என்று நாட்டின் பெயர் இருந்தால் அநேகமாக 1891க்குப் பிந்தியது. அமெரிக்கா அந்த ஆண்டிலிருந்து இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயரைக் கேட்டது.

ஒரு ஜாடியை வைத்துப் பார்ப்போம்

மாமி வீட்டில் பனங்கற்கண்டு போட்டு வைத்திருந்த ஜாடி. முட்டை வடிவம், மூடி உண்டு. நீல நிலம், அதில் பனிக்கட்டி விரிசல் மாதிரி கருநீலக் கோடுகள், வெள்ளையாகப் பிளம் பூக்கள். அடியில் இரட்டை வளையத்துக்குள் நாலு எழுத்து. வலது வரிசையின் இரண்டாம் எழுத்தில் நாலு புள்ளி. சரி, காங்சி. மாமிக்கு அதைப் படித்துக் காட்டியதும் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

பிறகு மற்றதைப் பார்த்தேன். அந்த நீலம் மேலோட்டமாக, தட்டையாக, எங்கும் ஒரே அடர்த்தியாக இருந்தது. காங்சி நீலத்தில் ஒரே பூவிதழுக்குள் மூன்று நான்கு அடர்த்தி தெரியும், தண்ணீர் கலந்து கலந்து பூசியிருப்பார்கள். எழுத்தைப் பார்த்தால் கோடுகள் ஒல்லியாக, வேகமாக, ஒன்றுக்கொன்று இடைவெளி ஒழுங்கில்லாமல் இருந்தன. அரசச் சூளையில் முத்திரை எழுதுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் கை அப்படி ஓடாது. அடிவளையத்தை விரலால் சுற்றித் தடவினேன். சொரசொரப்பு, ஒரு பக்கம் மேடு. காங்சி காலத்து நல்ல சரக்கில் அந்த விளிம்பை இரண்டு பக்கமும் உருட்டிச் சீவியிருப்பார்கள், விரல் வழுக்கும். மெருகில், அதாவது மேலே இருக்கும் கண்ணாடிப் பூச்சில், அங்கங்கே சிறு துளைகள். இதெல்லாம் சேர்ந்து சொன்னது 19ஆம் நூற்றாண்டின் கடைசி. பிளம் பூ ஜாடியும் நாலு எழுத்துக் காங்சியும் அந்தக் காலத்தில் ஏற்றுமதிக்காகச் சேர்ந்தே வந்த ஜோடி.

மாமியிடம் அப்படியே சொன்னேன். நூறு ஆண்டைத் தாண்டிய ஜாடி, கப்பலில் வந்தது, நான்கு தலைமுறை கைபட்டது. அதன் மதிப்பு அதற்கு இருக்கிறது. காங்சி என்ற பெயரை ஒட்டவைத்து அதைப் பெரிதாக்க வேண்டிய அவசியமே இல்லை.

இந்த வரிசையைத்தான் நீங்களும் பின்பற்ற வேண்டும். முத்திரையைப் படியுங்கள், படித்ததை ஒரு தாளில் எழுதி ஓரமாக வையுங்கள். பிறகு முத்திரையே இல்லாதது போல அந்தப் பொருளைப் பாருங்கள்.

நீல முத்திரை மெருகுக்கு அடியில் இருக்க வேண்டும். நகத்தால் தடவினால் தட்டுப்படக் கூடாது. சிவப்பு முத்திரை மெருகுக்கு மேலே, லேசாகத் தட்டுப்படும். சுவாந்தே காலத்து நீலத்தில் இரும்பு அதிகம், அதனால் அங்கங்கே கருந்திட்டு குவிந்து மெருகுக்குள் இறங்கியிருக்கும். பின்னால் வந்தவர்கள் அதைத் தூரிகையால் புள்ளி வைத்து நடித்தார்கள். லென்ஸில் பார்த்தால் வேண்டுமென்றே வைத்த புள்ளி வரிசையாகத் தெரிந்துவிடும். தேய்மானத்தையும் லென்ஸில் பாருங்கள். சோறும் கறியும் பரிமாறிய தட்டில் கீறல்கள் பல திசையில், பல ஆழத்தில் ஓடும். எல்லாக் கீறலும் ஒரே திசையில் ஓடினால் உப்புத்தாள் தேய்த்தது. மெருகு எங்கும் ஒரே மாதிரி மங்கியிருந்தால் அமிலத்தில் முக்கி எடுத்திருப்பார்கள். அடிவளையத்துப் பழுப்பு நிறம் துணியில் ஒட்டிக்கொண்டு வந்தால் சாயம்.

சுண்டிப் பார்ப்பது நம் ஊர்ப் பழக்கம். ஓசை நன்றாக வந்தால் விரிசல் இல்லை என்று தெரியும், அதற்கு மேல் அது வயதைச் சொல்லாது.

அரபி எழுத்து உள்ளவை

நம் பக்கத்தில் இதைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். செங்தே ஆட்சியில் (1506–1521) அரசச் சூளையிலேயே அரபியும் பாரசீகமும் எழுதிய நீலவெள்ளைச் சாமான்கள் செய்தார்கள். எழுதுகோல் தாங்கி, பெட்டி, மேசைத் திரை இவை. அடியில் செங்தே ஆறெழுத்து முத்திரை. லண்டனில் சில இருக்கின்றன. வீட்டில் நாம் பார்ப்பது அநேகமாக வேறு: ஃபூஜியான் கரையின் ஜாங்ஜோ பகுதியில் தென்கிழக்காசிய முஸ்லிம் ஊர்களுக்காகச் செய்த கனத்த தட்டுகள், அல்லது அவற்றின் பிற்காலத்து வகை. ஜாங்ஜோ தட்டின் அடியில் சூளை மணல் ஒட்டிக்கொண்டிருக்கும், விரலில் குத்தும். ஆட்சி முத்திரை இருக்காது. அரபியைச் சீனக் கைவினைஞர் பார்த்து எழுதியதால் சில எழுத்துகள் உருமாறியிருக்கும், ஆலிம்களிடம் காட்டினால்கூட ஒரு வரி முழுதாகத் தேறாது. அதனால் அதைப் போலி என்று தள்ளிவிட வேண்டாம், அந்தச் சூளைகளின் கையே அப்படித்தான்.

போட்டோவும் குறிப்பும்

எனக்கோ வேறு யாருக்கோ அனுப்புவதாக இருந்தால், பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். முற்றத்தில், வெயில் நேராக விழாத இடம் நல்லது. அடி முழுவதும் தெரிய ஒன்று, முத்திரை மட்டும் ஒன்று, அடிவளையத்தைப் பக்கவாட்டில் ஒன்று, உள்பக்கம் ஒன்று. பக்கத்தில் ஸ்கேல் வையுங்கள். முத்திரையை மட்டும் அனுப்பி "எந்தக் காலம்?" என்று கேட்டால் நேர்மையான யாராலும் பதில் சொல்ல முடியாது.

யார் கொண்டுவந்தது, எந்த ஊரிலிருந்து, யார் கல்யாணத்துக்கு வந்தது என்று உம்மாவிடமோ உம்மம்மாவிடமோ கேட்டு இப்போதே எழுதிவிடுங்கள். முத்திரையைவிட அந்தத் தகவல்தான் பல முறை காலத்தைத் தீர்மானிக்க உதவியிருக்கிறது. சிறு தாளில் எழுதி ஜாடிக்குள் போடுங்கள். ஸ்டிக்கரோ செல்லோடேப்போ அடியில் ஒட்ட வேண்டாம், மேல்வண்ணமும் தங்கப்பூச்சும் அதோடு உரிந்து வரும். அடுக்கி வைப்பதென்றால் தட்டுக்குத் தட்டு நடுவில் ஒரு பருத்தித் துணி.

பழைய சாமான் வாங்க வருகிறவர் வாசலில் நின்று முத்திரையைப் பார்த்துவிட்டு "இது டூப்ளிகேட்" என்று சொல்லி, அதே மூச்சில் விலையும் கேட்டால் அன்றைக்கு எதையும் கொடுக்காதீர்கள். "ராஜா முத்திரை, லட்சக்கணக்கில் போகும்" என்று முன்பணம் கேட்பவரிடமும் அதே பதில்தான். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். வெளிநாட்டுக்கு நாமாக எடுத்துப்போகவோ அனுப்பவோ கூடாது, அதை வியாபாரமாகச் செய்ய உரிமம் வேண்டும். துபாயிலும் மலேசியாவிலும் இருக்கும் பிள்ளைகள் ஊர் வந்து திரும்பும்போது உம்மம்மா ஞாபகமாக ஒரு தட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போவதும் இதில்தான் சேரும். வைத்துக் கட்டும் முன் வயதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிணறு வெட்டும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ பெரியபட்டினம், தேவிபட்டினம், அழகன்குளம் பக்கம் ஓடு கிடைத்தால் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணுக்குள்ளிருந்து வரும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஓட்டைக் கழுவாதீர்கள். எவ்வளவு ஆழத்தில், என்ன நிற மண்ணில், கூட வேறென்ன ஓடு இருந்தது என்று எழுதி, குழியையும் சேர்த்துப் படம் எடுத்துவிட்டு, தாலுகா அலுவலகத்திலோ ராமநாதபுரத்தில் தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள். கைப்பிடி அளவு பச்சை ஓடுதான், முத்திரை கிடையாது, விலையும் பெரிதாகக் கிடையாது. ஆனால் எந்த ஆழத்தில் கிடந்தது என்ற குறிப்போடு வந்தால், அதை வைத்து எந்த நூற்றாண்டில் எந்தச் சூளையின் சரக்கு இங்கே இறங்கியது என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள்.